நல்லியக்கோடன் ஊருக்கு வழி எது?

வந்த விருந்தினர்க்குத் தன் வீட்டின் பெயரைச் சொல்லத் தெரியாதவன் அவ்வீட்டுக்கு உரியவன் ஆகான். அதில் ஒண்டியிருப்பவனே ஆவான். தமிழ் உடன்பிறப்பீர்! நம் ஊர்களில் நாம் உரியவர்களாய் வாழ்கின்றோமா, ஒண்டியிருக்கின்றோமா? இவ்வினாவை என் நெஞ்சில் தைத்துச் சென்றார் ஓர் அயலகத் தமிழர்.

மலேசிய நாட்டுப் பினாங்கில் பிறந்து வளர்ந்த அவ்வன்பர், தமிழ்நாட்டை நூல்வழியே அன்றி அறியாதவர். விழுப்புரத்தில் வந்திறங்கியவரின் கைப்பையில் பத்துப்பாட்டு இருந்தது. "ஐயா, சிறுபாணன் சென்ற நாட்டைப் பார்க்க வேண்டும்; அவன் உண்ட மண்ணில் ஒருவேளை உண்ண வேண்டும்; அவ்வளவே என் விருப்பம்" என்றார். தமிழாசிரியன் ஒருவனுக்கு இதனினும் பெரிய மகிழ்ச்சி உண்டோ? ஆயின், அற்றை மாலைக்குள் அம்மகிழ்ச்சி நாணமாய் மாறிற்று.

சிறுபாணாற்றுப்படை நல்லூர் நத்தத்தனார் பாடியது. 269 அடிகளால் ஆனது. ஓய்மானாட்டுத் தலைவன் நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையால் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்கின்றான். வழி மட்டுமா சொல்கின்றான்? எந்த ஊரில் எவர் என்ன உணவு தருவர் என்றும் சொல்கின்றான்! எயிற்பட்டினத்தில் பரதவர் தேறலும் சுட்ட குழல்மீனும் தருவர். வேலூரில் எயின மகளிர் புளியிட்டு ஆக்கிய சுடுசோற்றோடு ஆமான் சூட்டிறைச்சி தருவர். ஆமூரில் உழவர் மனையில் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும். முடிவில் நல்லியக்கோடன் தானே அருகில் நின்று உண்பிப்பான். எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடும், வேலூரை உப்புவேலூரோடும் ஆய்ந்தோர் இணைத்துக் காண்பர். அவன் ஆண்ட கிடங்கில், இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாய்க் கிடங்கல் என்னும் பெயரோடு நிற்கின்றது. ஊர்காணச் செல்வார்க்கும் உணவு தேடுவார்க்கும் இத்தகைய வழிகாட்டியைக் கழகக் காலத்திலேயே ஆக்கிய இனம் நம் இனம்!

இனி, அவ்வினம் இன்று வழிகாட்டும் அழகைக் காண்பீராக.

அன்பர் முதலில் கேட்டதே ஊர்ப்பெயரைப் பற்றித்தான். தம் வழிச்சீட்டில் அச்சிட்டிருந்த ஆங்கில எழுத்தைக் கொண்டு அவர் 'வில்லுபுரம்' என்றே நினைத்திருந்தார். நம் மொழியின் தனியடையாளமான ழகரம் அவ்வெழுத்துக்கூட்டலில் உதிர்ந்து கிடக்கின்றது. 2020-ஆம் ஆண்டு 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழொலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதுமாறு தமிழக அரசு ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டலில் குறைகள் உள்ளன என்ற கண்டனம் எழுந்ததும், வெளிவந்த அதே சூன் திங்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. குறையைத் திருத்தியிருக்கலாம், முயற்சியையே கைவிட்டதுதான் மிச்சம்.

மண்டகப்பட்டுக் குடைவரையைக் கண்டு, செஞ்சிக்குச் சென்றோம். 2025 சூலை 11-ஆம் நாள் செஞ்சிக் கோட்டை உலக மரபுச் சின்னமானது. மகிழ வேண்டிய செய்தியே. ஆயின் எப்பெயரால்? 'மராட்டியர் படைநிலைப் பரப்புகள்' என்னும் பெயரால்! பட்டியலில் உள்ள பன்னிரண்டு கோட்டைகளுள் பதினொன்று மராட்டிய மாநிலத்தன, தமிழ்நாட்டினது இஃதொன்றே. ஆனந்தக்கோன் முதலில் அரண் எடுத்தான் என்பது வழிவழிச் செய்தி. பின்னர் நாயக்கர் ஆண்டனர்; பீசப்பூர்ச் சுல்தான் படை கொண்டது. சிவாசி கைப்பற்றியது 1677-இல். முகலாயரிடம் வீழ்ந்தது 1698-இல். இடைப்பட்டவை 21 ஆண்டுகள். சிவாசியின் வீரத்தை நாம் குறைத்துரைக்கவில்லை. அவர் மதிலை வலுப்படுத்தியதையும் மறுக்கவில்லை. 21 ஆண்டு இருந்தவர் பெயர் உலகேட்டில் ஏற, மலையையும் மண்ணையும் கல்சுமந்த தோள்களையும் தந்தவர் பெயர் ஏறாமற் போனது எங்ஙனம் என்றே கேட்கின்றோம். கேட்க வேண்டிய பொழுதில் நாம் வாய்மூடி இருந்தோம் என்பதன்றி வேறு விடை உண்டோ?

கோட்டைக்கு அண்மையிலேயே திருநாதர்குன்று உள்ளது. இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்களைத் தாங்கிய பாறை. ஐம்பத்தேழு நாள் உண்ணாது நோற்று உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய பழந்தமிழ்க் கல்வெட்டு. அன்று அங்கு எங்களைத் தவிர ஓராளும் இல்லை, ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

மாலையில் திண்டிவனம் சேர்ந்தோம். பேருந்து நிலையத்தில் அன்பர், "நல்லியக்கோடன் ஊருக்கு வழி எது?" என்று நால்வரைக் கேட்டார். "அப்படி ஒரு ஊர் இந்தப் பக்கம் இல்லைங்க" என்பதே நால்வர் விடையும். 'கிடங்கல்' என்றதும் ஒருவர் தானி பிடித்துத் தர முன்வந்தார். இடம் தெரிகின்றது, இடத்துக்கு உரியவன் தெரியவில்லை!

பசித்தது. தெருவோரத்தில் ஒரு தள்ளுவண்டி, அதில் பானிப்பூரி. அன்பர் அதன் நீரைச் சுவைத்துவிட்டு, "இது என்ன?" என்றார். வடபுலத்திலிருந்து பிழைக்க வந்த இளைஞன் "இம்லி" என்றான். அருகில் நின்ற என் பழைய மாணவன் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "டேமரிண்ட், சார்" என்று விளக்கினான். அச்சொல்லோ, 'இந்தியப் பேரீச்சை' எனப் பொருள்படும் அரபுத் தொடரின் ஆங்கிலத் திரிபு. திந்திரிணி என்பது புளியமரத்துக்கு வடசொல். திந்திரிணிவனமே திண்டிவனம் ஆயிற்று என்பர். புளியங்காட்டின் நடுவே நின்று, வேலூர்ப் பெண்டிர் புளிச்சோறு இட்ட நாட்டில், வடமொழி, இந்தி, ஆங்கிலம் எனப் புளிக்கு மூன்று பெயர் கேட்டோம். 'புளி' என்று சொல்வார் ஒருவரும் இல்லை! அன்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வாய்க்குச் சுவையாய் இருந்தால் போதாதா? உணவுக்கு மொழி ஏது?" என்பார் உளர். அவர்க்கு ஒன்று சொல்வேன்: அயல் உணவு நமக்குப் பகையன்று. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நம் முன்னோர் அதனை மிளகோடு ஒப்பிட்டுப் பெயர் படைத்துத் தமிழாக்கினர். நிலக்கடலையும் அங்கிருந்து வந்ததே. இம்மாவட்டத்து உழவன் மணிலாக்கொட்டையை மல்லாட்டை என்று தன் நாவுக்கு வசப்படுத்திக்கொண்டான். பள்ளி காணாத உழவனுக்கு இருந்த அந்த ஆண்மை, பட்டம் பெற்ற நமக்கு இல்லாது போனதே! வண்டிக்கார இளைஞன்மேல் குற்றம் இல்லை. அவன் தன் மொழியைத் தன்னோடு எடுத்து வந்தான். நாமோ நம் மொழியை நம் தெருவிலேயே தொலைத்தோம்.

பிறரைச் சாடுமுன் என்னையும் கூண்டில் நிறுத்துகின்றேன். இருபத்தெட்டு ஆண்டுகள் ஆற்றுப்படை இலக்கணம் கற்பித்தேன். எயிற்பட்டினத்தையும் கிடங்கிலையும் கரும்பலகையில் எழுதினேன். ஒருநாளேனும் மாணவரை மரக்காணத்து உப்பளத்தின் அருகில் நிறுத்தி, "எயிற்பட்டினம் என்று புலவர் பாடியது இவ்வூரைத்தான் என்பர் ஆய்ந்தோர்" என்று காட்டியதுண்டா? இல்லை! டேமரிண்ட் என்ற மாணவன் என் மாணவனே.

ஆகவே, செய்ய வேண்டுவன இவை: மரக்காணம் முதல் கிடங்கல் வரை சிறுபாணன் வழியைக் குறிக்கும் தமிழ்ப் பலகைகளை அரசு நிறுவுக. செஞ்சியின் முழு வரலாற்றையும் கோட்டை வாயிலிலேயே தமிழில் எழுதி வைக்குக. கடைப்பலகையில் தமிழே முதன்மை பெறவேண்டும் என்னும் விதி ஏட்டில் உறங்குகின்றது. வணிகர் அதனை எழுப்புக. ஆசிரியர் ஆண்டுக்கொரு நாள் பாடத்தை வகுப்புக்கு வெளியே நடத்துக. பெற்றோர், பிள்ளை உண்ணும் பண்டத்துக்குத் தமிழ்ப்பெயர் சொல்லி ஊட்டுக. கூழும் நுங்கும் பனங்கிழங்கும் விற்கும் எளியவர்முன் நாம் வரிசையில் நிற்போமாக.

விடைபெறும்பொழுது அன்பர் சொன்னார்: "ஐயா, மறுமுறை வரும்பொழுதும் இதே கேள்வியைத்தான் கேட்பேன்." அவர் கேட்கும் அந்நாளில், பேருந்து நிலையத்தில் ஒரு சிறுவனேனும் கைநீட்டி வழிகாட்டுவானாக! அச்சிறுவனை ஆக்குவது நம் கடன். பெயரை மீட்போம், ஊரை மீட்போம்!