கோடும் சான்றும்

மறைந்த உயிர்களுக்கு ஓவியர் தரும் உருவம் முடிந்த முடிபன்று. கனடாவின் பர்கெஸ் களிப்பாறையில் கிடைத்த, ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஹாலுசிஜீனியா என்னும் சிறு கடலுயிரியே இதற்குச் சான்று. 1977இல் அறிஞர் கான்வே மாரிஸ், அது முட்களை ஊன்றி நடப்பதாகவும், முதுகில் மென்குழல்கள் நிற்பதாகவும் படம் அமைத்தார். 1991இல் சீனத்துப் புதைபடிவங்களின் துணைகொண்டு ராம்ஸ்கோல்டும் ஹௌவும் அதனைத் தலைகீழாக்கினர்: முட்கள் முதுகுக்குக் காவல், குழல்களே கால்கள். தலையென்று கருதப்பட்டது உடலினின்று கசிந்த கறையே என்பதும், கண்கள் மறுமுனையில் உள்ளன என்பதும் 2015இல் மின்னணு நுண்ணோக்கியால் புலனாயின.

இஃது ஓவியத்தின் தோல்வி என்பாருளர். யான் உடன்படேன். சொல்லில் ஒளிந்துகொள்ளும் பிழை கோட்டில் ஒளிய இயலாது. தெளிவாக வரைந்தமையாலன்றோ திருத்தவும் முடிந்தது! எனினும், கல்லில் கண்டது எது, கருதிச் சேர்த்தது எது என்பதைப் படமே பிரித்துக் காட்டுதல் வேண்டும்: கண்டதற்கு முழுக்கோடு, கருதியதற்குப் புள்ளிக்கோடு.

நம் மாணவரும் பாடநூற் படத்தைப் பதிவேட்டில் பெயர்த்து வரையாது, கண்முன் உள்ள மாதிரியை நோக்கி வரைதல் நன்று. படைத்தவன் அறிந்ததை நாம் முழுதும் அறியோம். அறியாத இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவது இழுக்கன்று.