மார்ஃபினுக்கு அறுபது கிலோமீட்டர்

வலி எவ்வளவு என்று கேட்கும்போது நான் ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்வதில்லை. "வலி மொத்தம் ஒரு ரூபாய்னா, உங்களுக்கு இப்ப எத்தனை பைசா ஆத்தா?" என்பேன். பதில் உடனே வரும். "முக்கா ரூவா கண்ணு. ராத்திரியானா முழு ரூவா."

மக்களைத் தேடி மருத்துவம் வண்டியில் வீடு வீடாகப் போகும் நோய் ஆதரவுச் செவிலியர் நான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டம் என்றால் பலருக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைதான் நினைவுக்கு வரும். இனி செய்வதற்கொன்றுமில்லை என்று பெரிய ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பியவர்களிடமும் நாங்கள் போகிறோம். செய்வதற்கு அங்கே நிறையவே இருக்கிறது. மார்பகப் புற்று வெடித்துப் புண்ணான ஓர் ஆத்தாவுக்கு, வாடை தாங்காமல் மாட்டுக்கொட்டகை ஓரம் கட்டில் போட்டிருந்தார்கள். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினேன். கட்டும் விதத்தை மருமகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். சில நாளில் வாடை அடங்கியது. மருமகளே கட்டிலைத் திண்ணைக்கு இழுத்துப் போட்டாள்.

வாடைக்கு என் பையில் மருந்து இருந்தது. வலிக்கு இல்லை. பாராசிட்டமாலும் டைக்ளோபெனாக்கும் கேட்காத வலி அது. அதற்கு மார்ஃபின் மாத்திரை வேண்டும். எங்கள் வட்டாரத்துக்கு அது கிடைக்கும் இடம் அறுபது கிலோமீட்டர் தள்ளி. மகன் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு வாரத்துக்கு வாங்கி வருவார். நோய் முற்றும்போது வலி கூடும், அளவைக் கூட்டவேண்டியிருக்கும். அப்போது பதினான்கு நாள் மாத்திரை பத்து நாளில் தீர்ந்துவிடும். மீதி நான்கு நாளை அந்தக் குடும்பம் எப்படிக் கடக்கிறது என்பதைப் பார்க்கிறவள் நான். மருந்து எழுதும் அதிகாரம் எனக்கில்லை.

"அது போதை மருந்தாச்சே சிஸ்டர், அடிமையாக்கிடும்ல?" என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். நானும் சலிக்காமல் சொல்கிறேன்: சிறிய அளவில் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்கொருமுறை, கூடவே மலம் இளக மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் இது பாதுகாப்பானது, சாவை முன்கூட்டி அழைத்து வராது. புற்றுநோயின் கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபின் தரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வழிகாட்டிவிட்டது.

அந்த மருந்துக்கு மூலப்பொருளான அபினை இந்தியாவே மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு விளைவிக்கிறது, ஏற்றுமதியும் செய்கிறது. 1985 போதைப்பொருள் சட்டம் வந்தபின் மருத்துவமனைகள் பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. 2014-இல் திருத்தம் வந்து, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிலையம் என்ற ஒரே அனுமதி போதும் என்றாகிவிட்டது. ஆக, சட்டம் இப்போது வழியை மறிக்கவில்லை. பக்கத்துக் கேரளம் 2008-இலேயே நோய் ஆதரவுச் சிகிச்சைக்கென்று தனிக்கொள்கை வகுத்து, உள்ளாட்சிகள் வழியாகச் செவிலியரை வீட்டுக்கு அனுப்புகிறது.

வண்டியும் ஆளும் தந்த அரசிடம் நான் கேட்பது அடுத்த படியை. வட்டாரத்துக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது அந்த அனுமதியை வாங்கிக்கொடுங்கள். அங்கே ஒரு மருத்துவருக்குப் பயிற்சி கொடுங்கள். ராத்திரியில் வலி முழு ரூபாயாகும்போது அவரைத் தொலைபேசியில் கேட்டு, எழுதிவைத்த வரம்புக்குள் அளவைக் கூட்டச் செவிலியருக்கு அனுமதி கொடுங்கள். திருட்டுப் போகும், கைமாறும் என்று அஞ்சுகிறவர்களுக்கு: பூட்டிய அலமாரியும் பதிவேடும் போதும். நோயாளி இறந்தபின் மிச்ச மாத்திரையை வீட்டாரிடம் எண்ணி வாங்கி ஒப்படைக்கும் வேலையையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.