உயிரியல் கற்பார்க்குக் கணிதம் வேண்டுமா?

விழா மலர்களிற் பழம்பெருமை பேசுதல் மரபு. அம்மரபினை யான் குறைகூறேன். அதனைச் செவ்வனே செய்யவல்ல மூத்த பழைய மாணவர் நம்மிடையே பலர் உளர். யான் எடுத்துக்கொண்டது இன்றைய வகுப்பறை பற்றியதொரு வழக்கு. சாதாரணதரப் பரீட்சை முடிந்து உயர்தர வகுப்பிற் புகும் மாணவனை நாம் ஒரு சந்தியில் நிறுத்துகின்றோம். பௌதிக விஞ்ஞானப் பிரிவிற் சேர்வோன் இணைந்த கணிதத்தைக் கற்கின்றான். உயிரியல் விஞ்ஞானப் பிரிவிற் சேர்வோன் கணித நூலைக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுகின்றான். பௌதிகவியலுக்கு வேண்டிய சிறிது கணக்கே பின்னர் அவனுக்குத் துணை. கலைப் பிரிவினரிற் பெரும்பாலாருக்கு அதுவும் இல்லை. கணக்கு ஓடாத பிள்ளைக்கு உயிரியலே தக்கது என்று பெற்றோர் கூறுவதும், ஆசிரியர் சிலர் அதற்குத் தலையசைப்பதும் நாம் கேளாதன அல்ல. இப்பிரிவினை உயிரியலின் இயல்புக்கே மாறானது என்பது எனது துணிபு.

தமிழாசிரியனுக்கு இவ்வழக்கில் என்ன வேலை என்று வினவுவார் உளராயின், சற்றுப் பொறுக்க. வழக்கு இலக்கணத்தைத் தொடும் இடம் ஒன்று உண்டு.

உயிரியலுட் கணிதம் புகுந்த வரலாற்றை நுளம்பிலிருந்து தொடங்குதல் நமக்கு எளிது. சேர் றொனால்ட் றோஸ் இந்தியாவிலே அல்மோறாவில் 1857 இற் பிறந்து, இந்திய மருத்துவச் சேவையிற் பணிபுரிந்த மருத்துவர். 1897 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20 ஆம் நாள் செக்கந்தராபாத்திலே அனோபிலிஸ் நுளம்பொன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1902 இல் நோபல் பரிசு பெற்றார். இவை பலரும் அறிந்தவை. அவர் கவிதையும் நாவலும் எழுதியவர் என்பதும், உயர்கணிதத்தைத் தாமே முயன்று கற்றவர் என்பதும் அத்துணை அறியப்படாதவை. நுணுக்குக்காட்டியாற் புகழ்பெற்ற மருத்துவர் கணிதத்தைத் தேடிச் சென்றது ஏன்? நுளம்பே நோயைக் காவுகின்றது என்று நிறுவப்பட்ட பின்னரும் அதனை ஒழிக்க முயல்வதிற் பயனில்லை என்று வாதிட்டோர் இருந்தனர். ஒரு நாட்டிலுள்ள நுளம்பு அனைத்தையும் கொல்ல யாராலும் இயலாது; சில எஞ்சினும் நோய் எஞ்சும்; ஆகவே முயற்சி வீண் என்பது அவர்கள் கட்சி. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் கட்சி அது.

அதற்கு விடையை எண்ணே தந்தது. மொரீசியஸ் தீவின் மலேரியா பற்றி 1908 இல் எழுதிய அறிக்கையிலும், 1911 இல் விரித்து வெளியிட்ட நூலிலும் றோஸ் ஒரு கணக்கினை அமைத்தார். நோயாளி ஒருவனை எத்தனை நுளம்பு கடிக்கும். அவற்றுள் எத்தனை நோயைக் கொடுக்கும் பருவம்வரை உயிரோடிருக்கும். அவற்றுள் எத்தனை மறுபடியும் மனிதரையே கடிக்கும். இவற்றைப் பெருக்கினால், ஒரு நோயாளி குணமடையுமுன் எத்தனை புதிய நோயாளரை உண்டாக்குவான் என்பது கிடைக்கும். அவ்வெண் ஒன்றிற் குறையுமாயின் நோய் தானே தேயும். ஒருவனால் 0.8 என்று கொள்வோம்: 100 பேர் 80 ஆவர், 80 பேர் 64 ஆவர், அடுத்து 51 ஆவர், பத்தாம் தலைமுறையில் ஏறக்குறைய 11 பேரே மிஞ்சுவர். நுளம்பு முழுவதையும் கொல்ல வேண்டியதில்லை. ஓர் எல்லைக்குக் கீழே குறைத்து, அங்கேயே நிறுத்தினாற் போதும். நுளம்பு இருக்கும், மலேரியா இராது. அவ்வெல்லை நுணுக்குக்காட்டியின் கீழ்த் தெரிவதொன்றன்று.

மாதிரியுரு என்று இன்று நாம் வழங்குவது இத்தகைய கணக்கினையே. உலகத்தை முழுதும் வரைவதன்று அதன் நோக்கம். எவை எவற்றைக் கணக்கிற் கொண்டோம், எவற்றை விட்டோம் என்று வெளிப்படச் சொல்லி, அவற்றினின்று யாது பெறப்படும் என்று காட்டுவதே. 1927 இற் கேர்மக், மக்கென்றிக் என்னும் இருவர் தொற்றுநோய்களுக்குப் பொதுவான சமன்பாடுகளை வெளியிட்டு, 1905-06 இற் பம்பாயிற் பரவிய கொள்ளைநோயின் மரணக் கணக்கோடு அவற்றை ஒப்பிட்டனர். நோய் அடங்குவது எல்லோரையும் பற்றி முடித்த பின்னரன்று, பற்றுதற்குரியோர் தொகை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கும்போதே என்பது அவர்கள் கண்ட முடிபு. கேர்மக் 1924 இல் ஆய்வுகூட விபத்தொன்றிற் கண்பார்வையை இழந்தவர். கணக்கு ஓடாது என்போர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

நிற்க. உயிரியல் மாணவன் ஒருவன் பென்சிலும் தாளும் கொண்டு தானே செய்து பார்க்கத்தக்க கணக்கொன்றை ஈண்டுக் காட்டுகின்றேன். 1950 களில் இலண்டனில் ஜோர்ஜ் மக்டொனால்ட் என்பார் றோஸின் கணக்கைத் திருத்தி விரித்தபோது முதன்மைப்படுத்திய செய்தி இது. நுளம்பு நோயோடு பிறப்பதில்லை. முதலில் நோயாளியைக் கடித்து ஒட்டுண்ணியைப் பெறுதல் வேண்டும். அது நுளம்பின் உடலில் முதிர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய, வெப்பநிலைக்கேற்பப் பத்துப் பன்னிரண்டு நாள் செல்லும். அதன் பின்னரே அடுத்த மனிதனுக்கு ஆபத்து. 12 நாள் என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் நுளம்புகளிற் பத்தில் ஒன்பது பங்கு உயிர்தப்புமாயின், 1000 நுளம்பில் 12 நாளின் பின் 282 எஞ்சும். பத்தில் எட்டுப் பங்கே தப்புமாயின் எஞ்சுவன 69. ஏழு பங்காயின் 14. இனி வேறொரு வழி: நீர்நிலைகளிற் குடம்பிகளைப் பாதியாக அழித்தோம் என்க. 1000 நுளம்பு 500 ஆகும். 12 நாளின் பின் 141 எஞ்சும். அரும்பாடுபட்டுப் பாதிக் குடம்பியை அழித்ததினும், வளர்ந்த நுளம்பின் அன்றாட வாழ்வினைச் சிறிது குறைத்தமை மிகுந்த பயனைத் தருகின்றது. குடம்பி அழித்தல் வேண்டாம் என்பதன்று இதன் பொருள். எங்கே சிறிது தள்ளினாற் பெரிது அசையும் என்பதை மனம் தானாக உணராது. பெருக்கிப் பார்த்தே உணரும்.

இரத்தம் குடித்த நுளம்பு வீட்டுச் சுவரில் அமர்ந்து இளைப்பாறும். அச்சுவரில் டி.டி.ரி. தெளித்தமை இக்கணக்கின் செயல்வடிவம் போன்றது. இலங்கையில் வீடுதோறும் தெளிக்கும் பணி 1946 அளவிலேயே நாடளாவிய இயக்கமாயிற்று; மக்டொனால்டின் சமன்பாடுகள் பின்னர் வந்து, அது பலித்த காரணத்தை விளக்கின.

அப்பணி எத்துணை வேண்டப்பட்டது என்பதை 1934-35 இன் பெருநோய் சொல்லும். 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கின. அக்குட்டைகளே நோய் காவும் நுளம்புக்குத் தொட்டிலாயின. மழை மிகுந்தால் நுளம்பு மிகும் என்று நாம் சொல்லிப் பழகியிருக்க, மழை இன்மையே இங்குக் கேடு செய்தது. வறண்ட வலயத்து மக்கள் இந்நோயோடு நெடுநாட் பழகி ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர்; கேகாலை, குருணாகல் பகுதி மக்கள் பலருக்கு அஃது இல்லை. ஏறக்குறைய 80,000 உயிர்கள் மாண்டன.

அந்நிலையிலிருந்து 1963 இல் நாடு முழுவதும் 17 நோயாளர் என்னும் நிலைக்கு வந்தோம். வெற்றி என்று கொண்டாடினர், சுவர்களுக்கு மருந்து தெளிப்பது நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1967 இன் இறுதியில் நோய் மீண்டும் தலைகாட்டிற்று. 1969 ஆம் ஆண்டில் மாத்திரம் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டிற்று.

17 என்னும் எண் பொய்யன்று. ஆயின் அது நோயாளரின் தொகையைச் சொல்லிற்றேயன்றி, ஒருவன் எத்தனை பேரை நோயாளராக்க வல்லவன் என்பதைச் சொல்லவில்லை. மருந்து தெளிக்கும்வரை அவ்வெண் ஒன்றிற்குக் கீழே அழுத்தி வைக்கப்பட்டிருந்தது. கையை எடுத்ததும் அது மேலெழுந்தது. தொகை வேறு, இயக்கம் வேறு. இவ்வேறுபாட்டைத்தான் வகையீட்டுச் சமன்பாடு கற்பிக்கின்றது. இதனைத்தான் நம் உயிரியல் மாணவன், நாளை மருத்துவனாகவோ சுகாதார அதிகாரியாகவோ ஆகவிருப்பவன், கல்லாமற் போகின்றான்.

இன்னொன்றும் அங்கே நடந்தது. எலஹரப் பகுதியில் இரத்தினக்கல் அகழப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரண்டனர். தோண்டிய குழிகளில் நீர் தேங்கிற்று; தற்காலிகக் குடில்களுக்கு மருந்து தெளிப்பதற்குச் சுவர் என்று சொல்லத்தக்கதும் இல்லை; அங்கே நோயுற்றோர் தத்தம் ஊர்க்கு அதனைக் காவிச் சென்றனர். நுளம்பின் வாழ்நாளைக் கணக்கிட்ட சமன்பாட்டில் இரத்தினம் தேடிச் செல்பவனுக்கு இடம் இருக்கவில்லை. மாதிரியுருவின் குறை இதுவென்று சிலர் கூறுவர். மனிதனை எண்ணால் அளக்கலாகாது என்றும் கூறுவர். முதற்கூற்றை ஒப்புவேன்; இரண்டாவதனை ஒப்பேன். இடம் இல்லையெனின் இடம் அமைத்தல் வேண்டும். றோஸ் தாமே 1916 இல் தம் முறையை நோய்க்கு மட்டுமன்றி மக்களிடையே நிகழும் எந்நிகழ்வுக்கும் விரித்து, நிகழ்வுகளின் கோட்பாடு என்று பெயரிட்டார். மக்கள் எங்கே, ஏன் பெயர்கின்றனர், யாது கண்டு அஞ்சுகின்றனர், யார் சொல்லை நம்புகின்றனர் என்பவற்றை அறிந்தவர் கலைப் பிரிவினர். அவர்களிடம் அறிவு உண்டு, எண் இல்லை. கணிதப் பிரிவினரிடம் எண் உண்டு, இவ்வறிவு இல்லை. உயிரியலார் இடையே நிற்கின்றனர்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். 2020 மார்ச்சு மாதத்தில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியார் கொரோனா நோய் பற்றி ஒரு கணிப்பினை வெளியிட்டனர்: அரசும் ஒன்றும் செய்யாது, மக்களும் தம் நடத்தையை மாற்றாதிருப்பின், பிரித்தானியாவில் ஏறக்குறைய 5 இலட்சத்து 10 ஆயிரம் பேர் மாள்வர் என்பது. அரசு ஊரடக்கிற்று, மக்களும் ஒதுங்கினர், அவ்வலையில் இறந்தோர் தொகை அதனினும் மிகக் குறைந்தது. உடனே, கணிப்புப் பொய்த்தது என்றனர் பலர். அக்காலத்துக் கணிப்புகளிற் பிழையே இல்லை என்று யான் சாதிக்க வரவில்லை. ஆயின் இவ்வொரு குற்றச்சாட்டு மாத்திரம் இலக்கணப் பிழை. ‘செயின்’ என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தை நம் இலக்கண நூலார் தனியே வகுத்து வைத்தனர். மாறாதிருப்பின் மாள்வர் என்பதில் எச்சத்தை உதிர்த்துவிட்டு முற்றினை மட்டும் எடுத்துக்கொண்டால், நிபந்தனை அழிந்து சோதிடமாகிவிடும். மாதிரியுரு கூறுவன எல்லாம் ‘செயின்’ வாய்பாட்டில் அமைந்த வாக்கியங்களே. பத்திரிகைத் தலைப்பு அந்த எச்சத்துக்கு இடம் தருவதில்லை. மேலும், நுளம்பு தன்னைப்பற்றிய கணிப்பைப் படித்து நடத்தையை மாற்றுவதில்லை, மனிதன் மாற்றுகின்றான். சொல்லப்பட்டதனாலேயே நடவாது போகும் கூற்றினை எவ்வாறு எடைபோடுவது என்பது கணித வகுப்புக்கு மட்டும் உரிய கேள்வியன்று. தமிழ் வகுப்பில் வினையெச்சம் கற்பிக்கும் நாளில் இதனைக் கற்பிக்கலாம் என்றே கருதுகின்றேன்.

இவ்வளவும் பழங்கதை என்று ஒதுக்கற்க. நம் நாட்டில் உள்ளூரில் தொற்றிய மலேரியாவின் இறுதி நோயாளி 2012 ஒக்டோபரிற் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. பெருமைக்குரிய செய்தி. ஆயின் அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இது. ஆற்றுக் குட்டையை இது வேண்டுவதில்லை; கிணறும் சீமெந்துத் தொட்டியும் போதும். வீட்டுக்கொரு கிணறு வைத்து வாழும் நமக்கு இதற்குமேல் விரித்துரைக்க வேண்டியதில்லை. வெளிநாடு சென்று மீள்வோர் வழியாக நோயும் ஆண்டுதோறும் வந்துகொண்டேயிருக்கின்றது. இன்றைய தொகை பூச்சியம். இன்றைய இயக்க எண் யாது?

எனவே ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகின்றேன். பாடத்திட்டத்தை மாற்றுதல் நம் கையில் இல்லை. விஞ்ஞான மன்றத்தை நடத்துதல் நம் கையில் உண்டு. உயர்தர உயிரியல் மாணவரும் இணைந்த கணித மாணவரும் ஓராண்டுக்கு ஒரு கொப்பியிற் சேர்ந்து எழுதுக. மலேரியாத் தடை இயக்கத்தினரின் வழிகாட்டலோடு, கல்லூரியைச் சூழ்ந்த கிணறுகளிலும் தொட்டிகளிலும் உள்ள குடம்பிகளை வாரந்தோறும் உயிரியலார் எண்ணுக; மேலே காட்டிய பன்னிரண்டு நாட் கணக்கைக் கணிதத்தார் விரிக்க; எந்தக் கிணற்றை யார் மூடுவர், யார் மூடார், ஏன் என்பதைக் கலைப் பிரிவினர் வீடுவீடாகக் கேட்டறிக. கொப்பிக்கும் வலைக்கும் ஆகும் செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்குமாயின் நன்று, பெருந்தொகை ஆகாது. முதற் பக்கத்தில் எடுகோள்கள் தமிழில், எச்சம் குறையாமல், திகதியிட்டு எழுதப்படல் வேண்டும். மாரி முடிந்தபின் கணித்ததையும் எண்ணியதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.