அடிமையின் மகன் ஆண்ட ஊர்

ரோமாபுரியை முதலில் ஆண்டதாகச் சொல்லப்படும் ஏழு அரசர்களின் கதையில் ஒரு விசேஷம் உண்டு. தகப்பன் கண்மூடியதும் மகன் பட்டத்துக்கு வந்தான் என்ற பேச்சே அதில் கிடையாது. பலர் வெளியூர்க்காரர்கள். ஒருவர் அடிமைப் பெண்ணின் மகன்.

கி.மு. 753-ல் ரோமுலஸ் ஊரை நிறுவினான், கி.மு. 509-ல் கடைசி அரசன் துரத்தப்பட்டான் என்பது மரபுவழிக் கணக்கு. 244 ஆண்டுகளுக்கு ஏழே பேர். சராசரியாக ஆளுக்கு 35 ஆண்டுகள். கொலையில் முடிந்த ஆட்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் நம்பக் கஷ்டம்தான். இதையெல்லாம் விரிவாக எழுதிய லிவி வாழ்ந்ததே சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. ஆனால் மொத்தமும் கட்டுக்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 1899-ல் ரோம் நகரின் பழைய பொதுத்திடலில், கறுப்புக் கல் பாவிய தளத்துக்கு அடியில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அதில் அரசனைக் குறிக்கும் சொல் இருக்கிறது. லத்தீனில் 'ரெக்ஸ்'. நாம் சொல்லும் 'ராஜா'வுக்குத் தூரத்து உறவு.

கதைக்கு வருவோம். ஊரில் ஆள் சேர்க்க ரோமுலஸ் ஒரு புகலிடம் திறந்தானாம். தப்பியோடி வந்தவன், நாதியற்றவன் எல்லோருக்கும் இடம். நூறு பெரியவர்களைப் பொறுக்கி ஒரு சபையும் அமைத்தான். கிழவர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்ததுதான் 'செனட்'. அவனுக்குப் பின் அந்தப் பெரியவர்களே ஆளுக்கு ஐந்து நாள் முறைவைத்து ஓராண்டு ஆண்டார்கள். ஒரு எஜமானன் போய் நூறு எஜமானர்களா என்று ஜனங்கள் முணுமுணுக்கவே, சபைன் இனத்தைச் சேர்ந்த நூமாவை அழைத்து வந்து அரசனாக்கினார்கள். பூசாரிகளையும் பஞ்சாங்கத்தையும் ஒழுங்குபடுத்தியவர் அவர்.

ஐந்தாம் அரசன் தார்க்வீனியஸின் தகப்பன் கிரேக்க நாட்டு கொரிந்திலிருந்து வந்து எத்ருஸ்கர் ஊரில் குடியேறியவன். வந்தேறியின் மகனுக்கு அங்கே மதிப்பில்லை. மனைவி தனக்வில் சொற்படி மூட்டை கட்டிக்கொண்டு ரோமுக்கு வந்தவன் அரசனானான்.

அவன் அரண்மனையில் வளர்ந்தவன்தான் அடிமையின் மகன் செர்வியஸ் துல்லியஸ். ஆறாம் அரசன். இன்று உலகமே வழங்கும் 'சென்சஸ்' அவன் பெயரில்தான் தொடங்குகிறது. ஆனால் அவன் தலையை மட்டும் எண்ணவில்லை, சொத்தையும் எண்ணினான். மக்களை 193 வாக்குப் பிரிவுகளாகப் பிரித்தார்கள். குதிரைப்படைக்கும் முதல்தரப் பணக்காரர்களுக்கும் 98. சொத்தில்லாத அத்தனை பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. மேலே இருப்பவர்கள் ஒத்துப்போனால் கீழே இருப்பவர்களைக் கூப்பிட வேண்டிய அவசியமே இராது. இந்தக் கணக்கு பிற்காலத்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆனாலும் அடிமையின் மகன் தலையில்தான் அதை ஏற்றி வைத்தார்கள்.

செர்வியஸைக் கொன்று பட்டத்துக்கு வந்த 'கர்வி' தார்க்வீனியஸோடு முடியாட்சி முடிந்தது. ஓராண்டுக்கு இரண்டு கான்சல்கள் என்று ஏற்பாடாயிற்று. அரசன் என்ற சொல்லே வசைச்சொல் ஆனது.

அப்புறமும் இந்தக் கதைகளுக்கு வேலை இருந்தது. கி.பி. 48. சக்கரவர்த்தி கிளாடியஸ் காலம். கால் நாட்டுப் பிரமுகர்கள், அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியினர், செனட்டில் இடம் கேட்டார்கள். உறுப்பினர்கள் கொதித்தார்கள். அலேசியாவில் ஜூலியஸ் சீசரை முற்றுகையிட்டவர்களின் பேரர்களா நம்மோடு சரியாசனத்தில் உட்காருவது? இத்தாலியில் ஆளா இல்லை? மண்ணின் மைந்தர் வாதம்தான்.

கிளாடியஸ் பதில் சொன்னபோது பழைய அரசர்களைத்தான் சாட்சிக்கு அழைத்தார். நூமா அந்நியர். கலப்பு ரத்தம் என்று சொந்த ஊரில் பதவி மறுக்கப்பட்டவர் தார்க்வீனியஸ். செர்வியஸ் சிறைப்பட்ட பெண்ணின் பிள்ளை. எத்ருஸ்கர் சொல்வதை நம்பினால் அவரும் அந்நியர்தான், மஸ்தார்னா என்ற பெயரில் வந்தவர். அந்தப் பேச்சு வெண்கலப் பலகையில் பொறிக்கப்பட்டது. 1528-ல் லியோன் நகரில் கிடைத்தது. கிளாடியஸ் பிறந்ததும் அதே ஊரில்தான்.

வாதம் எடுபட்டது. கால் நாட்டவரில் ஏதுயி இனத்தாருக்கு முதலில் செனட்டின் கதவு திறந்தது. நுழைந்தவர்கள் பிரபுக்கள்தான், ஏழைகள் அல்ல. செர்வியஸின் பெயரில் வழங்கிய சொத்துக் கணக்கு அங்கும் ஜெயித்தது.

பழங்கதையைத் திருத்தி எழுதும் வசதி ரோமானியருக்கு நிறையவே இருந்தது. நூமாவை உள்ளூர்க்காரராக்கியிருக்கலாம். செர்வியஸின் தாயை ஒரு இளவரசியாகவே மாற்றியிருக்கலாம். சிலர் அவளை உயர்குலத்துப் பெண் என்று எழுதிப் பார்த்தார்கள். அப்போதும் சிறைப்பட்டவள் என்பதை அழிக்க அவர்களால் முடியவில்லை. அழித்திருந்தால் கி.பி. 48-ல் கிளாடியஸுக்குச் சாட்சி சொல்ல யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.