பஸ்ஸின் அடியில் பட்டாசுப் பெட்டி

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே செல்போனில் விலைப்பட்டியல் வந்து விழுகிறது: சிவகாசி நேரடி விலை, 80 சதவீதத் தள்ளுபடி, ஊருக்கே பார்சல். இணையதளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. பணத்தைக் கட்டிவிட்டுப் பெட்டி வராமல் ஏமாந்தவர்கள் உண்டு. பெட்டி வந்து சேருவதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கவலை. துணி என்றோ பாத்திரம் என்றோ எழுதி ஒட்டி, ஆம்னி பஸ்ஸின் அடியில் மற்ற மூட்டைகளோடு உரசிக்கொண்டு வருகின்றன சரவெடியும் லட்சுமி வெடியும். மேலே பயணிகள் திரையை இழுத்துவிட்டுக் குழந்தை குட்டிகளோடு தூங்குகிறார்கள். அவர்களில் ஒருவரிடமாவது சம்மதம் கேட்டோமா? ரயிலில் கொண்டுபோனால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது ரயில்வே சட்டம். அப்படியும் பேரன் பேத்திகளுக்காக என்று பையின் அடியில், புடவைக்குள் சுற்றித் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் தீப்பொறிக்குப் பாசம் தெரியாது. உள்ளூரில் உரிமம் பெற்ற கடையில் வாங்கினாலும் அது பெரும்பாலும் சிவகாசிச் சரக்குதான். அங்குள்ள தொழிலாளியின் கூலிக்கு அதனால் குறைவில்லை. நமக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகலாம். ஆகட்டும். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் எட்டாத, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது பட்டாசை மட்டும் பையில் வைக்காதீர்கள்.