உறைமேல் ஒரு பெயர், உள்ளே வேறொருவர்

"நல்ல கம்பெனி டிவிடியாத்தான் வாங்கி காப்பி போட்டு வெச்சிருக்கேன்" என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. சொல்பவர்மேல் கோபமில்லை, அந்த வாக்கியத்தை அவர் வாயில் வைத்த வியாபாரத்தின் மேல்தான். உறையில் அச்சாகியிருக்கும் பெயருக்கும் உள்ளே இருக்கும் தகட்டுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவேண்டிய அவசியமில்லை. எம்ப்டி டிவிடி வியாபாரம் கால் நூற்றாண்டாக இப்படித்தான் நடக்கிறது. நாம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கடைக்காரருக்குப் பதில் தெரிந்திருக்காது.

"இப்பல்லாம் யார் பாஸ் டிவிடி எரிக்கிறாங்க?" என்ற கேள்வி வரும் என்று தெரியும். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். அண்ணன் கல்யாணம், அக்காவின் வளைகாப்பு, தாத்தாவின் சதாபிஷேகம். பழைய விஎச்எஸ் கேசட்டிலிருந்து ஸ்டுடியோவில் மாற்றி வாங்கிய அப்பா அம்மா கல்யாணம். எல்லாம் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் செருகிய இரண்டு மூன்று தகடுகளில் இருக்கின்றன. ஸ்டுடியோக்காரரிடம் மூலப் பிரதி இருக்கும் என்று எண்ணாதீர்கள். அவருடைய ஹார்ட் டிஸ்க்கில் அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டும். ஆக, இறந்துபோன பாட்டி நடந்து வந்து, சிரித்து, யாரையோ அதட்டும் ஒரே பதிவு அந்த ஊதா நிறத் தகட்டில் இருக்கிறது. அந்தத் தகடு செத்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு அது தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். அதைப் பிறகு விளக்குகிறேன்.

"கிளவுட்ல போட்டுட்டா முடிஞ்சுது." போடுங்கள், நல்லது. ஆனால் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் 4.7 ஜிபி டிவிடி மூன்றுதான் கொள்ளும். இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை அழிக்கலாம் என்று அவர்களே 2023இல் விதி கொண்டுவந்துவிட்டார்கள். அப்பாவின் கணக்குக்கு அப்பாவோடு போன பாஸ்வேர்ட் வேறு. கிளவுட் ஒரு பிரதி. அது ஒன்றே போதும் என்பவர் வாடகை வீட்டில் கிணறு வெட்டுகிறார்.

சரி, தகட்டுக்கு வருவோம்.

கடையில் விற்ற சினிமா டிவிடியும் ஸ்டுடியோ கொடுத்த கல்யாண டிவிடியும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வேறு வேறு ஜாதி. சினிமா டிவிடி அச்சு வார்த்தது. தகவல் பள்ளங்களாகப் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கிறது. நாம் எரிக்கும் டிவிடியில் அப்படிப் பள்ளம் எதுவும் கிடையாது. 0.6 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தகடுகள் இரண்டு, நடுவில் மெல்லிய சாயப் பூச்சு. 650 நானோமீட்டர் லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு ஒளியைத் திருப்பும் தன்மையை மாற்றுகிறது. உங்கள் பாட்டி ஒரு சாயக் கறை. துணிக்கடையில் "சாயம் போகுமாங்க?" என்று மூன்று தடவை கேட்கிற நாம், இந்தச் சாயம் வெயிலுக்கும் வெக்கைக்கும் ஈரத்துக்கும் போகுமா என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

எந்தச் சாயம், எவ்வளவு சீராகப் பூசினார்கள், இரண்டு தகட்டையும் எவ்வளவு ஒழுங்காக ஒட்டினார்கள் என்பவைதான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. மூன்றும் ஆலையில் நடப்பவை. உறையில் பெயர் போடுபவருக்கு இதில் எந்த வேலையும் கிடையாது. எச்பி பெயரில் வந்த தகடுகளை வேறு ஆலைகள் செய்தன. பிலிப்ஸ் பெயரிலும் அப்படி வந்தன. வெர்பாட்டிம் என்ற ஒரே பெயருக்குள் மிட்சுபிஷி கெமிக்கலின் ஏஸோ சாயம் பூசிய வரிசையும் இருந்தது, வேறு ஆலையின் சரக்கைக் கொண்ட மலிவு வரிசையும் இருந்தது. ஒரே பெயர், ஒரே எழுத்துரு, பக்கத்துப் பக்கத்து அலமாரி. இதைத்தான் நாம் 'நல்ல கம்பெனி' என்கிறோம்.

உண்மையான பெயர் ஓரிடத்தில் இருக்கிறது. எழுதக்கூடிய ஒவ்வொரு டிவிடியிலும் செய்தவர் யார் என்ற சிறு குறியீடு பதிந்திருக்கும். மீடியா கோடு என்பார்கள். இம்ஜ்பர்ன் போன்ற இலவச மென்பொருளைத் திறந்து எம்ப்டி டிவிடியை உள்ளே போட்டால் திரையில் வந்துவிடும். எம்சிசி என்று தொடங்கினால் மிட்சுபிஷி. டிஒய்ஜி அல்லது யூடென் என்றால் ஜப்பானின் தையோ யூடென். ரிடெக், சிஎம்சி மாக் என்றால் தைவான் ஆலைகள். எம்பிஐ என்றால் நம்ம ஊர் மோசர் பேயர். உங்கள் டிரைவ், எந்த அளவு சூட்டில், எந்தத் துடிப்பில் எழுதுவது என்பதை இந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அதாவது ஐநூறு ரூபாய் டிவிடி டிரைவுக்குத் தெரிந்த உண்மை, காசு கொடுத்த உங்களுக்குச் சொல்லப்படவில்லை.

மருந்துப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். விற்பவர் ஒருவர், செய்தவர் இன்னொருவர் என்றால் இரண்டு பெயரும் இருக்கும். செய்தவரின் முகவரியும் உரிம எண்ணும் இருக்கும். தலைவலி மாத்திரைக்கு இருக்கிற மரியாதை, ஒரு குடும்பத்தின் ஒரே சலனப் பதிவைச் சுமக்கும் தகட்டுக்குக் கிடையாதா? இறக்குமதி செய்தவர் பெயரும் வந்த நாடும் போட்டால் சட்டத்துக்குப் போதும். எந்த ஆலை என்று எழுதவேண்டியதில்லை. எழுதாமல் இருப்பதில்தான் லாபம். இந்த மாதம் எந்த ஆலை மலிவோ அங்கே வாங்கி, அதே உறையில் போட்டு, அதே நம்பிக்கையை விற்கலாம்.

இந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்கவேண்டும். கிரேட்டர் நொய்டாவில் ஆலை வைத்திருந்த மோசர் பேயர், 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்று நம் டிவி ஸ்டாண்டுகளை நிரப்பியது. 2018இல் நிறுவனத்தைக் கலைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டுவிட்டது. உலகமெங்கும் தகடுப் பைத்தியங்கள் கொண்டாடிய தையோ யூடென் 2015 முடிவில் இந்தத் தொழிலையே விட்டது. மிட்சுபிஷி தன் வெர்பாட்டிம் வியாபாரத்தை 2019இல் தைவானின் சிஎம்சிக்கு விற்றது. பானசோனிக் எழுதக்கூடிய ப்ளூரே தகடு செய்வதை 2023இல் நிறுத்தியது, சோனி 2025இல் நிறுத்தியது. சிஎம்சி மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்து வருடத்துக்கு முந்தைய யாரோ ஒருவரின் சிபாரிசை வைத்து இன்று தகடு வாங்காதீர்கள். பெயர் அப்படியே இருக்கிறது, ஆலை கைமாறிவிட்டது.

குறியீட்டைப் பார்த்தால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. தையோ யூடென் குறியீட்டைத் திருடிப் பதித்த போலித் தகடுகள் சந்தையில் வந்தன. அதில் கேடு இரட்டிப்பு. பொய்ப் பெயரை நம்பி டிரைவ் தவறான சூட்டில் எழுதும், மட்டமான தகடு இன்னும் மட்டமாகும். பெயர் பொய் சொல்லலாம், குறியீடும் பொய் சொல்லலாம். அளந்து பார்ப்பது ஒன்றுதான் மிச்சம்.

"ஓடுதே, அப்புறம் என்ன?" என்பதுதான் இந்த விஷயத்தில் ஆக ஆபத்தான வாக்கியம். டிவிடியில் 32,768 பைட் தகவலுக்கு 4,832 பைட் பிழைதிருத்தக் குறியீடு சேர்த்து எழுதப்படுகிறது. சாயம் மங்கி அங்கங்கே எழுத்து அழிந்தாலும் டிரைவ் கணக்குப் போட்டுச் சரிசெய்து படத்தைக் காட்டிவிடும். அருமையான பொறியியல். ஆனால் அதன் விலை என்னவென்றால், நோய் முற்றும்வரை நோயாளி சிரித்துக்கொண்டே இருப்பார். விஎச்எஸ் கேசட் போகப் போகக் கோடு விழும், நிறம் வெளுக்கும், "மாத்தி எடுத்து வை"ன்னு நம்மிடம் கெஞ்சும். டிவிடி கெஞ்சாது. போன பொங்கலுக்கு ஓடியது இந்தப் பொங்கலுக்குத் தாலி கட்டும் இடத்தில் நின்றுவிடும்.

ஆகவே எழுதி முடித்ததும் சரிபார்க்கச் சொல்லுங்கள். அது முதல் படி, அது மட்டும் போதாது. டிரைவ் எத்தனை பிழைகளைத் திருத்தவேண்டியிருந்தது என்று எண்ணிச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. நீரோ டிஸ்க்ஸ்பீட் அதில் பிரபலம். எல்லா டிரைவும் இந்தக் கணக்கைச் சொல்லாது, லைட்ஆன் டிரைவுகள் பல சொல்லும். எட்டுத் தொகுப்புகளுக்கு 280 பிழை வரை தரநிலையே அனுமதிக்கிறது. புதிதாக எழுதிய தகட்டிலேயே அந்த எல்லையை உரசினால் அந்தக் கட்டையே தொடாதீர்கள். எண்ணைக் குறித்துவைத்து அடுத்த வருடம் மறுபடி எடுங்கள். எண் ஏறினால் சாயம் போகிறது என்று அர்த்தம். ஒரு தகடு நம்பகமானதா என்பதற்கு விளம்பரத்தைவிட இந்த இரண்டு எண்கள் நேர்மையான சாட்சி.

உத்தரவாதம் என்ற நகைச்சுவையையும் விட்டுவிடக்கூடாது. உறையில் 'ஆயுட்கால உத்தரவாதம்' என்று போட்டிருக்கும். தகடு கெட்டால் என்ன தருவார்கள்? இன்னொரு எம்ப்டி தகடு! ஆயிரம் வருடம் தாங்கும் எம்-டிஸ்க் என்று ஒன்று வந்தது. சாயத்துக்குப் பதிலாகக் கல் போன்ற கனிமப் பூச்சு. நுட்பம் மதிக்கத்தக்கது, வாங்கலாம். ஆனால் ஆயிரம் வருடக் கணக்குச் சொன்ன மில்லெனியாட்டா நிறுவனம் 2016இல் திவாலாகிவிட்டது. யாரிடம் போய் உத்தரவாதம் கேட்பது? ஒருவேளை தகடு ஆயிரம் வருடம் இருந்தாலும் அதைப் படிக்க டிரைவ் எங்கே? இன்று கடையில் விற்கிற லேப்டாப்பில் டிவிடி டிரைவ் தேடிப் பாருங்கள்.

இங்கேதான் நமக்குத் தெரிந்த பழைய பாடம் ஒன்று உதவும். சங்கப் பாடல்கள் சாகாத பனையோலை கிடைத்ததால் நம்மிடம் வந்துசேரவில்லை. ஓலை கரையான் தின்னும், பொடியும் என்று தெரிந்த யாரோ சிலர், பெயர் போடாமல், தலைமுறைக்குத் தலைமுறை பெயர்த்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. ஒரே ஏட்டை நம்பவில்லை. ஊர் ஊராகப் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார். ஒன்றில் சிதைந்தது இன்னொன்றில் பிழைத்திருந்தது. "அப்படின்னா எந்தத் தகடா இருந்தா என்ன, காப்பி எடுத்துக்கிட்டே இருந்தா போதாதா?" என்றால், போதாது. நல்ல ஓலையைத் தேர்ந்து பதப்படுத்துவதும் அதே மனிதர்களின் வேலையாக இருந்தது. மட்டமான ஓலை அடுத்தவர் பெயர்த்து எழுதுவதற்கு முன்பே பொடிந்துவிடும். நல்ல தகடு நமக்குக் கால அவகாசத்தை வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். அந்த அவகாசம் நமக்குத் தேவை.

செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது தகடு கட்டை எடுத்தவுடன் வாங்காதீர்கள். ரிச்சி தெருவோ உங்கள் ஊர்க் கடையோ, "அண்ணே, ரெண்டு மட்டும் குடுங்க, பாத்துட்டு வந்து கட்டா வாங்கிக்கிறேன்" என்று கேளுங்கள். குறியீட்டைப் பாருங்கள், எழுதுங்கள், பிழையை எண்ணுங்கள். 16 மடங்கு வேகத் தகட்டை 8 மடங்கில் எழுதுங்கள். 'மெதுவா எரிச்சா நல்லா நிக்கும்' என்று ஒரு மடங்குக்கு இறங்குவது மூடநம்பிக்கை, இன்றைய தகடுகள் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை இல்லை. 8.5 ஜிபி இரட்டை அடுக்குத் தகட்டைவிட இரண்டு ஒற்றை அடுக்குத் தகடுகள் மேல். தகட்டில் இடம் மிச்சமிருந்தால் டிவிடிசாஸ்டர் என்ற இலவச மென்பொருளால் கூடுதல் பிழைதிருத்தக் குறியீட்டை நிரப்புங்கள். ஒரே பதிவை இரண்டு வேறு ஆலைகளின் தகடுகளில் எழுதி, இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் மூன்றாவது பிரதி. காகித லேபிள் ஒட்டாதீர்கள். ஸ்பிரிட் கலக்காத மார்க்கரால் எழுதுங்கள். பெட்டியில் செங்குத்தாக, இருட்டில், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2003இல் வெளியிட்ட கையேடும் இதையேதான் சொல்கிறது. குளிர்ந்த இடத்தில் வைக்கவும் சொல்கிறது. சித்திரை வெயிலில் மொட்டைமாடி அறையின் பரணில் தகடு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே இறக்கிவிடுங்கள்.

ஏற்கெனவே பீரோவில் இருக்கும் கல்யாணத் தகடுகளுக்கு முதல் உரிமை. அவை எந்த ஆலையில் செய்தவை என்பதை ஸ்டுடியோக்காரரும் பார்த்திருக்கமாட்டார், கட்டு என்ன விலை என்பதைத்தான் பார்த்திருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டிரைவ் இரவல் வாங்கி ஒவ்வொன்றாகப் படித்து ஹார்ட் டிஸ்க்கில் இறக்குங்கள். ஏதாவது ஒன்று படிக்க மறுத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று பல நேரம் படித்துவிடும்.