முதலில் காந்தம், பிறகு எஞ்சின்

மாணவர்களே, உங்களில் பலருக்கு வாகன உரிமம் எடுக்கும் வயதே ஆகியிருக்காது. ஆனாலும் வீட்டில் யாராவது பழைய கார் பார்க்கக் கிளம்பினால் நீங்களும் கூடப் போங்கள். சட்டைப் பையில் ஒரு காந்தம் இருக்கட்டும்.

பணி ஓய்வு பெற்றதும் என் மாமா தம் நெடுநாள் ஆசையான மெர்சிடிஸ் பென்ஸ் 230சிஇ காரை வாங்கினார். 1980களின் முற்பகுதியில் வந்த இரண்டு கதவு கூப்பே. பெயிண்ட் பளபளத்தது, எஞ்சினில் ஒரு தட்டல்கூட இல்லை. மூன்றே மாதத்தில் கதவுக்குக் கீழே பெயிண்ட் கொப்புளித்தது. பட்டறைக்காரர் திருப்புளியால் குத்த, அது உள்ளே இறங்கிவிட்டது. சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதி வெல்டிங்கிற்கே போனது.

எல்லாரும் எஞ்சினைத்தான் முதலில் சோதிக்கிறார்கள். அது தவறு என்பேன். எஞ்சினைக் கழற்றிப் பழுதுபார்க்கலாம், வேறொன்றை வாங்கியும் பொருத்தலாம். துரு தின்ற உடலை அப்படி மாற்ற முடியாது.

மூன்று சோதனைக் குழாய்களில் ஆணி போட்ட பரிசோதனை நினைவிருக்கிறதா? நீரும் ஆக்சிஜனும் சேர்ந்திருந்த குழாயில்தான் ஆணி துருப்பிடித்தது. நம் நாட்டு மழையும் ஈரக்காற்றும் அந்தக் குழாய்தான். கடலோரமாக நின்ற காரென்றால் உப்பும் சேரும். உப்புநீர் மின்னை நன்கு கடத்துவதால் துரு விரைவாகப் பரவும். துரு, தான் உண்ட இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். பெயிண்ட் கொப்புளிப்பது அதனால்தான்.

இந்தக் கூப்பேயில் இன்னொரு சிக்கல் உண்டு. பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே கூரையைத் தாங்கும் தூண் கிடையாது. அழகுதான். ஆனால் அந்தத் தூண் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பங்கைக் கதவுக்கு அடியில் ஓடும் இரும்புப் பெட்டிதான் சுமக்கிறது. அது உளுத்தால் உடலே வலுவிழக்கும்.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி முதலில் கூரையில் வையுங்கள். இழுவிசை கைக்குப் பழகட்டும். பிறகு சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, ஜாக்கி வைக்கும் இடம் என்று நகர்த்துங்கள். தூரம் கூடினால் காந்த விசை குறையும் அல்லவா? பிடி தளரும் இடத்தில் பெயிண்டுக்கு அடியில் தடித்த புட்டி இருக்கலாம். தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

அதன் பிறகு எஞ்சினுக்கு வரலாம். எண்ணெய் மூடியின் உட்புறத்தில் வெண்மையான பசை ஒட்டியிருந்தால் எண்ணெயில் நீர் கலந்திருக்கலாம்.

மாமா இப்போது இரண்டாவது கூப்பே தேடி அலைகிறார். எங்கள் ஆய்வுக்கூடத்துக் காந்தம் அவரிடம்தான் இருக்கிறது. கேட்டால், இன்னும் ஒரு கார் பார்க்க வேண்டும் என்கிறார்.